வருகிறவர்களுக்கு அடாப்டர் இல்லை

மின்சாரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இயற்பியல் படித்தவன் வேறெப்படி நம்புவான்? இங்கிலாந்தில் இருநூற்று முப்பது வோல்ட். ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டிலும் இருநூற்று முப்பது வோல்ட், கரண்ட் இருக்கிற நேரத்தில். அப்படியிருக்க, அதைச் சுவரிலிருந்து உருவி எடுக்கிற மூன்று பித்தளைத் துண்டுகளை ஒரு நாட்டில் உருண்டையாகவும் இன்னொரு நாட்டில் பட்டையாகவும் செய்தே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் யாராக இருந்தாலும், அவர்களை அடிவாரத்து ஆலங்காயத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் சாயங்காலப் பஸ்ஸில் ஒரு தடவை நிற்க வைத்துக் கூட்டி வர வேண்டும். கையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் கொடுத்து.

விஷயம் என் அக்கா மகளின் மொட்டை.

அக்கா இங்கிலாந்தில் நர்ஸ். குழந்தை அங்கே மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. போனில் படத்தைப் பார்த்த அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து எங்கள் ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். புள்ள பொழைச்சா முதல் முடி முழுசா உனக்குத்தான் என்று. பிழைத்துவிட்டாள். முடியும் சுருள் சுருளாக வளர்ந்து தோளுக்கு வந்துவிட்டது. ஆனால் தலையெல்லாம் கரப்பான். செதில் செதிலாக உதிரும், சொறிந்தால் ரத்தம் வரும். கத்தி மட்டும் பட்டுவிடக் கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் சீழ் கோத்துக்கொள்ளும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அக்கா இதற்கென்றே புதிதாக ஒரு முடி வெட்டும் மிஷின் வாங்கினாள். திருவிழாவுக்கு லீவு போட்டு, மாமாவுக்கு லீவு கிடைக்காததால் தனியாகவே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். திருவிழா முடிந்த கையோடு திரும்பியாக வேண்டும். அடுத்து எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த மிஷின் சென்னை விமான நிலையத்திலேயே செத்துவிட்டது. பெட்டிக்குள் ஏதோ இடித்து, சுவிட்ச் தானாக விழுந்து, கடல் மலை எல்லாம் தாண்டி ஓடிக்கொண்டே வந்திருக்கிறது. சாமான் வருகிற பெல்ட்டில் இவள் பெட்டி மட்டும் விர்ரென்று உறுமியதாம். காவலர் ஒருவர் தள்ளி நின்று திறக்கச் சொல்லியிருக்கிறார். திறந்தபோது கடைசி மூச்சு. அந்தக் கலவரத்தில் போனுக்குச் சார்ஜ் போட்டிருந்த அடாப்டரை, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என்று அவள் அங்கேயே வாங்கி வைத்திருந்த ஒரே அடாப்டரை, விமான நிலையத்துச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஆக, திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் எங்கள் வீட்டில் இருந்தவை: சார்ஜ் இல்லாத, ஆனால் ஒயரில் நேராகவும் ஓடக்கூடிய ஒரு மிஷின், அதன் வாலில் மூன்று பட்டைப் பின் வைத்த கட்டைவிரல் கனத்து ப்ளக், எதிரே சுவரில் மூன்று வட்ட ஓட்டை. அப்பா திருவிழா வேலையில் இருந்ததால் வீட்டில் தலைகாட்டவே இல்லை. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, தலையை மட்டுமல்ல கட்டிங் பிளேயரையும் காட்டினார்.

"இதுக்கு இன்னாத்துக்குமா யோசன? இந்தத் தலைய வெட்டி எறிஞ்சிட்டு ரெண்டு ஒயர சொருவி, தீக்குச்சி வெச்சு டைட் பண்ணா முடிஞ்சிச்சு. நம்மூட்டு மிக்சி அப்படித்தான ஓடுது."

"சித்தப்பா, ஒயர வெட்டின மிஷின எம் புள்ள தலையில வெக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "ஷாக்கடிச்சு வந்தவங்களுக்குக் கட்டுப் போடறதே என் வேல."

"நாங்கள்லாம் ஷாக்கடிச்சா செத்துப் பூட்டோம்?"

நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு இந்த மாதிரி விஷயம் என்றால் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். இது சாதாரண ப்ளக் இல்லை, உள்ளேயே பீஸ் இருக்கிறது, எர்த் பின் நீளமாக இருப்பதற்குக் காரணம் அதுதான் முதலில் உள்ளே போய், அங்கத்துச் சுவர் ஓட்டைகளை மூடியிருக்கிற சின்னக் கதவைத் திறக்க வேண்டும், என்று விளக்க ஆரம்பித்தேன். சித்தப்பா கொட்டாவி விட்டார். அம்மா, "கத வேணாம்டா. கெடைக்குமா, கெடைக்காதா?" என்றாள்.

"அடாப்டர்மா. ஆலங்காயத்துல கெடைக்கும். மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்."

மிஷினையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அக்கா கொடுக்கவில்லை. பஸ்ஸில் கீழே போட்டுவிடுவேனாம். ப்ளக்கைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று கிளம்பும்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. படத்தைச் சுவரில் சொருகிப் பார்க்க முடியாது.

ஆலங்காயத்தில் எலக்ட்ரிகல் கடைப் பையன் படத்தை ஒரு நொடி பார்த்தான். "லண்டன் ப்ளக்தான? கீது" என்று உடனே ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பட்டைப் பின் மூன்றும் அப்படியே படத்தில் உள்ளது போல் மின்னின. எனக்கு வந்த சந்தோஷத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். வந்து, டீ சொல்லிவிட்டு, ஆசையாகத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மூன்று வட்ட ஓட்டை. அதாவது நம் ஊர் ப்ளக்கை இதன் முதுகில் சொருகி, இதை லண்டன் சுவரில் சொருகலாம். எனக்கு வேண்டியது அச்சு அசலாக இதற்கு நேர் எதிர். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"இது தலகீழா இருக்குதுப்பா."

"திருப்பிப் போட்டா வராதுங்களா?"

"சட்டையா, திருப்பிப் போட்டுக்க?"

"அப்ப வாணியம்பாடி போய்ப் பாருங்க சார். அங்கதான் வெளிநாடு போறவங்க ஜாஸ்தி."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வாணியம்பாடி போனேன். தோல் வியாபாரக் குடும்பங்களும், துபாயிலும் சவூதியிலும் பிள்ளைகளை வைத்திருக்கிற வீடுகளும் நிறைந்த ஊர். அங்கே இல்லாத அடாப்டர் எங்கே இருக்கும்? பெரிய கடை. கல்லாவில் வெள்ளைத் தொப்பியோடு ஒரு பாய். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கொத்துக் கொத்தாக அடாப்டர்கள் பழக்கடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளுக்குள் நெஞ்சே குளிர்ந்துவிட்டது.

"வாங்க தம்பி. எந்த ஊருக்குப் போறீங்க? துபாயா, ஹாங்காங்கா, இத்தாலியா?"

"போகல பாய். வந்திருக்காங்க. அங்கத்து ப்ளக்க நம்ம சுவத்துல போடணும்."

அவர் கொத்தைத் தேட ஆரம்பித்து, பாதியில் கையை நிறுத்தினார். "வந்திருக்காங்களா?"

"எங்க அக்கா. லண்டன்ல இருந்து."

"மாஷா அல்லா, சந்தோஷம். ஆனா தம்பி, இங்க இருக்கறது பூரா போறவங்களுக்கு. கம்பெனிக்காரங்க சாம்பிள் எடுத்துனு இத்தாலி போவாங்க, பசங்க துபாய்க்குப் போவாங்க. நம்ம சார்ஜர அங்க சொருவணுமில்ல, அதுக்கு. வர்றவங்களுக்குன்னு யாரும் கேட்டதே இல்லையே."

"போனவங்க திரும்பி வர மாட்டாங்களா பாய்? வரும்போது மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் தூக்கினு வர்றாங்களே."

"வருவாங்க. வந்த அன்னிக்கே ப்ளக்க கட் பண்ணிட்டு நம்மூரு ப்ளக் மாட்டிக்குவாங்க. எங்க வூட்லயே அப்படித்தான்."

எனக்கு நிஜமாகவே ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய ஊர், இத்தனை பேர் போய் வருகிறார்கள், ஒருவர்கூட வெட்டாமல் சொருக ஆசைப்படவில்லையா? என் முகத்தைப் பார்த்துப் பாய்க்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. உள்ளே போய், தூசு தட்டி, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டு வந்தார். வெள்ளையாக, செங்கல் மாதிரி கனமாக இருந்தது. மேலே இருந்த ஓட்டைகள் வட்டமும் இல்லை, பட்டையும் இல்லை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்தது போல ஒரு வடிவம்.

"இது ஹெவி டூட்டி. உலகத்துல எந்தப் பின்னா இருந்தாலும் போவும்" என்று தன் கடையிலேயே இருந்த துபாய் அயர்ன் பாக்ஸ் ஒன்றின் பட்டைப் பின்னை அதில் சொருகிக் காட்டினார். சிவப்பு லைட் எரிந்தது. நான் அந்த லைட்டைத்தான் பார்த்தேன். பெட்டியின் வால் பெஞ்சுக்குப் பின்னால் எங்கே போய்ச் சொருகியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

மலையேறும் பஸ்ஸில் கூட்டம். திருவிழாவுக்கு வருகிறவர்கள், கோழி, பந்தல் துணி, எல்லாம். செங்கலை மார்போடு அணைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு யார் மேலாவது சாய்ந்தேன். "இன்னாபா அது, குண்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ப்ளக் பாயிண்ட்" என்றேன். "உங்க வூட்ல சுவுரு இல்லியா?" என்றார்.

வீடு போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. எல்லோரும் கூடி நின்றார்கள். நான் மிஷினின் ப்ளக்கை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. குழந்தை கைதட்டியது. பிறகு பெட்டியின் வாலை எடுத்துச் சுவரருகே கொண்டுபோனேன்.

பெரிய பின். ஏசிக்கும் பிரிட்ஜுக்கும் போடுகிற, பென்சில் மொத்தத்துப் பின். எங்கள் வீட்டில் ஏசியும் இல்லை, பிரிட்ஜும் இல்லை, அதற்கான பாயிண்ட்டும் இல்லை. உலகத்தின் எல்லா ப்ளக்கையும் வரவேற்கிற அந்தப் பெட்டி எங்கள் வீட்டுச் சுவருக்குள் மட்டும் நுழைய மாட்டேன் என்றது.

அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "நாளைக்கு இன்னா பண்றதுடா?" என்றாள்.

"இதோட வால வெட்டலாமில்ல?" என்றார் சித்தப்பா. "இது உம் புள்ள தலையில படாதும்மா. பொட்டிதான."

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. எங்களிடம் இன்னொரு ப்ளக் இல்லை என்பதுதான் தவறு. அவர் வாலை வெட்டினார், ரப்பரைப் பல்லால் உரித்தார், இரண்டு செம்புக் கம்பியையும் ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியை அடித்து இறுக்கினார். சிவப்பு லைட் எரிந்தது. "பாத்தியா? படிச்சவங்க நாள் பூரா பஸ்ல சுத்துனீங்க" என்று திரும்பினார். திரும்பும்போது அவர் முழங்கால் ஒயரில் பட்டது. பட்டென்று ஒரு நீலப் பொறி. பீஸ் கட்டையும் போய், வீடே இருண்டது. பெட்டியிலிருந்து கருகல் வாசனை வந்தது. இருட்டில் அக்கா தடவித் தடவி வந்து மிஷினைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டும் சத்தம் கேட்டது.

"கத்தியிலயே எடுத்துக்கலாம்" என்றாள் அம்மா, மெதுவாக.

"அப்ப மொட்டையே வேணாம்" என்றாள் அக்கா, இன்னும் மெதுவாக.

சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அம்மாவுக்கு அந்த முடி குழந்தையின் உயிருக்குப் பேசிய பேச்சு. அக்காவுக்கு அந்தத் தோல், தினமும் களிம்பு தடவிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற தோல். இருவருக்கும் நடுவில் நான், மூன்று பித்தளைத் துண்டுகளைத் திட்டிக்கொண்டு பீஸ் கட்டையில் கம்பி சுற்றினேன்.

இருந்தாலும் காலையில் கோயிலுக்குப் போனோம். மிஷினை அக்கா பையில் போட்டுக்கொண்டாள். கோயிலில் யாரிடமாவது அடாப்டர் இருக்காதா என்று ஒரு ஆசை. ஆலங்காயத்திலிருந்து முடி எடுக்கிறவர் வந்து, கல் மேல் வரிசையாகக் குழந்தைகளுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் மொட்டை. ஊரில் எத்தனை மாமன்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லோர் வேட்டியிலும் முடி.

எங்கள் முறை வந்தது. அக்கா குழந்தையை இறக்கவில்லை. கத்தி வேண்டாம், மிஷினில்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

"எங்கிட்டயும் மிஷின் கீதுமா" என்றார் அவர். "நல்லா கழுவித் தர்றேன்."

"கோச்சுக்காதீங்கண்ணா. நாலு பேருக்குப் போட்ட மிஷின் வேணாம். இவளுக்குத் தோலு சரியில்ல."

"உங்கள்து எங்க?"

"இருக்குது. கரண்ட்டுதான் இல்ல."

"தலைக்கு மேல லைட்டு எரியுதேமா" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா தன் பேச்சை நிரூபிக்கிற மாதிரி மிஷினை வெளியே எடுத்து அந்தப் பட்டைப் பின்னை அவரிடம் காட்டினாள். குழந்தை ஒயரின் நடுவைப் பிடித்துக்கொண்டது. இவள் இழுக்க, அது இழுக்க, நான் நடுவில் புகுந்து விடு பாப்பா, விடு பாப்பா என்று கெஞ்ச, டக்கென்று ஒயர் குழந்தை கையோடு வந்துவிட்டது. உடைந்துவிட்டது என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

உடையவில்லை. மிஷினின் அடியில், இரண்டு சின்ன வட்டங்களை ஒட்டி வைத்தது போல, எட்டு என்கிற எண்ணின் வடிவத்தில் ஒரு குழி. உள்ளே இரண்டு ஊசிகள். ஒயர் அங்கே சொருகித்தான் இருந்திருக்கிறது. கம்பெனியிலிருந்தே இறுக்கமாக மாட்டி வந்ததை ஒரே உடம்பு என்று நினைத்து, நாங்கள் எல்லோரும் ஒரு நாள் முழுக்க அதன் ஒரு முனையையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த எட்டை எனக்குத் தெரியும். பழைய டேப் ரெக்கார்டர், டிவிடி பிளேயர் எல்லாவற்றின் பின்னாலும் இருக்கும். அது எந்த நாட்டிலும் எட்டுதான்.

வேப்பமரத்தடியில் மேசை போட்டு, சவுண்ட் சர்வீஸ்காரர் ஒரு பழைய டிவிடி பிளேயரில் அம்மன் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார். ஓடினேன். அவருக்குப் பாட்டுச் சத்தத்தில் நான் சொன்னது கேட்கவில்லை. பிளேயரின் பின்னால் கையை விட்டு ஒயரை உருவினேன். பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.

மலையே அமைதியானது போல இருந்தது. வரிசையில் இருந்தவர்கள், பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கரண்ட் பூட்ச்சா?" என்று ஒரு குரல். "இல்ல, அந்த லண்டன் புள்ளைக்கு மொட்டையாம்" என்று ஒரு குரல்.

"டேய் தம்பி, இன்னாடா இது?" என்றார் சவுண்ட் சர்வீஸ்காரர்.

"அண்ணே, ஒரே ஒரு தல."

"சின்னத் தலைதான? சீக்கிரம்."

ஒயர் முழ நீளம்தான். கல்லுக்கு எட்டாது. அதனால் நான் மேசைக்குப் பக்கத்திலேயே தரையில், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியில் முதுகைச் சாய்த்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். அம்மனைப் பார்த்து உட்காரவில்லையே என்று அம்மா ஆரம்பித்தாள். பூசாரி, "அவளுக்கு எல்லாப் பக்கமும் கண்ணு, நடத்துங்க" என்றார். மிஷின் உறுமியது. அக்கா கையிலிருந்து முடி எடுக்கிறவரே அதை வாங்கினார். குழந்தைக்கு அது கூச்சமாக இருந்தது போல. முதல் சுருள் என் மடியில் விழுந்தபோது கிளுகிளுவென்று சிரித்தாள். மிஷின் உறுமலையும் அந்தச் சிரிப்பையும் தவிர வேறு சத்தமே இல்லை. ஒரு துளி ரத்தம் இல்லை. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா கிட்டே வந்து குழந்தையின் தலையைத் தடவினாள். இன்னொரு தடவை தடவினாள்.

"சொரசொரன்னு கீதே."

"மிஷின்ல அவ்ளோதாம்மா வரும்" என்றேன்.

"இது மொட்ட இல்லடா. கிராப்பு. வேண்டிக்கிட்டது முழு முடி. சாமிக்குப் போயி மிச்சம் வெப்பாங்களா?"

அக்கா வாயைத் திறந்தாள். நான் அவளுக்கு முன்னால் திறந்தேன். மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை, கண்ணுக்கே தெரியாது, என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா கேட்கவில்லை. விரல் நுனியை அந்தச் சின்னத் தலையிலிருந்து எடுக்கவும் இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது. முடி எடுக்கிறவர் கத்தியைத் தொடையில் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"ஆத்தா, கொழந்தைக்கு ஒடம்பு முடியலன்னா மடியில வெச்சவன் மீதியக் குடுக்கலாம். தாய்மாமன்தான? அவனுது முழுசா வழிச்சுட்டா கணக்கு நேராயிடும்."

பூசாரி தலையாட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள். அக்காவும் என்னைப் பார்த்தாள், அதுவும் எவ்வளவு நன்றியோடு.

"எனக்கு அடுத்த வாரம் பெங்களூருல இன்டர்வியூ இருக்குது" என்றேன்.

"முடியப் பாத்தா வேல குடுப்பாங்க?" என்றாள் அம்மா.

"படிச்ச மண்டையப் பாப்பாங்க. நல்லாத் தெரியட்டும்" என்றார் சித்தப்பா.

சவுண்ட் சர்வீஸ்காரர் தன் ஒயரை வாங்கிப் பிளேயரில் மாட்டினார். பாட்டு விட்ட இடத்தில் இல்லாமல் முதலிலிருந்து, என் காதுக்குப் பக்கத்தில் தொடங்கியது. தண்ணீர் தலையில் விழுந்தது. அந்தச் சத்தத்திலும் அக்கா குனிந்து, "வேணும்னா தம்பிக்கும் மிஷின்லயே..." என்று ஆரம்பித்தாள். அம்மாவும் முடி எடுக்கிறவரும் ஒரே குரலில், "கத்தி" என்றார்கள்.

நான் தலையைக் கொடுத்தேன். முடிந்து நிமிர்ந்து, துண்டால் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். தன் மொட்டைக்குச் சிரித்தவள் என் மொட்டையைப் பார்த்து வீறிட்டு அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்த அம்மாவும் அக்காவும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பொங்கல் பக்கம் போனார்கள், ராத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே.